ஒரு பூச்சிக்கு இரண்டு பெயர்

என் மனைவி அம்பிகாவுக்கு அந்துப்பூச்சிதான் எல்லாம். கல்லூரியில் விலங்கியல் நடத்துவது சம்பளத்துக்காக, அந்துப்பூச்சி தனக்காக. மலையில் இதுவரை பார்க்காத ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும், சோறு தண்ணீர் மறந்துபோகும். சிறகில் என்ன கோடு, கொம்பு எப்படி, கால் எப்படி என்று ஒன்றுவிடாமல் எழுதுவாள். செத்த பூச்சியின் வயிற்றைக் கழற்றி மருந்தில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். எந்தக் குடும்பத்தில் சேரும், யாருக்குப் பங்காளி, உலகத்தில் வேறு எவராவது இதற்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்களா என்று மாதக்கணக்கில் தேடுவாள். இல்லை என்று உறுதியானால் அதற்கு ஒரு பெயர் வைத்துக் கட்டுரையாக வெளியிடுவாள்.

எனக்கு நாகல்நகரில் போட்டோ ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் போக, அவளுடைய பூச்சிகளைப் படம் எடுப்பதும் நான்தான். கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பூச்சி எவ்வளவோ தேவலை. "என்னண்ணே, என்னை இம்புட்டுக் கறுப்பா எடுத்து வச்சிருக்கீங்க" என்று சண்டைக்கு வராது.

அது ஆடி மாதம். ஸ்டூடியோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து அம்பிகா கூப்பிட்டாள்.

"ஏனுங்க... இங்க வாங்க."

அவள் பழனிக்குப் பக்கத்தில் தொப்பம்பட்டிக்காரி. திண்டுக்கல்லுக்கு வாழ வந்த பிறகு எங்கள் பேச்சு அவளிடம் ஒட்டிக்கொண்டது. பயமோ கோபமோ வந்தால் மட்டும் பிறந்த ஊரின் 'ஏனுங்க' எட்டிப் பார்க்கும். அந்தக் குரலைக் கேட்டதும் சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினேன்.

பின்னறையில் வலை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வைத்திருந்தாள். சிறுமலையில் பிடித்து வந்த ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகளை அங்கே வளர்த்தாள். முட்டை பொரிந்து புழுவாகி, புழு மிளகுக்கொடி இலையைத் தின்று கொழுத்து, கூட்டுக்குள் புகுந்து கிடந்தது. அன்று காலைதான் கூடுகளை விட்டு முதல் பூச்சிகள் வெளியே வந்திருந்தன.

வலையில் இரண்டு சாதி உட்கார்ந்திருந்தது. சில, தாயைப் போலவே சாம்பல் வெள்ளையில், பெரிதாக. சில, அதில் பாதி அளவில், கரும்பழுப்பாக, சீப்புப் பல் மாதிரிக் கொம்போடு. அந்தப் பழுப்புகள் ஒவ்வொன்றின் முன்சிறகிலும் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. அந்தப் பொட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் நிறைமதி.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்றேன்.

"எங்கிருந்தும் வரலைங்க. எல்லாம் ஒரே தாய் இட்ட முட்டை." டப்பாவை மூடினாள். "வெள்ளை பொம்பளை. பழுப்பு ஆம்பளை. ரெண்டும் ஒரே பூச்சிதான்."

எனக்கு அது உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. உறைத்ததும் அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் மகளின் கட்டில்.

நிறைமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அம்பிகாவின் கட்டுரை வெளிவந்தது. சிறுமலையிலிருந்து இரண்டு புதிய அந்துப்பூச்சிகள் என்று அதில் எழுதியிருந்தாள். ஒன்று, அந்தச் சாம்பல் வெள்ளை. அவளிடம் ஆராய்ச்சி செய்த ரொனால்டு கண்டுபிடித்தது. சிறுமலையில் அவன் வீட்டு மிளகுக்கொடி ஓரத்தில் துணி கட்டி விளக்குப் போட்டபோது வந்து உட்கார்ந்ததாம். அதற்கு அவன் அம்மா செபாஸ்தியம்மாளின் பெயரை வைத்தார்கள். இன்னொன்று, பொட்டு வைத்த பழுப்பு. அதற்கு எங்கள் பிள்ளையின் பெயர்.

கட்டுரை வந்த அன்று நான் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. எங்கெங்கோ இருக்கும் பூச்சிக்காரர்கள் அம்பிகாவுக்கு போன் செய்வார்கள். "நிறைமதி ஜூன்ல பறக்குதா மேடம்?" "நிறைமதி கொடைக்கானல் பக்கமும் இருக்கா?" இவளும், "ஜூன்ல நல்லாப் பறக்கும்" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். சொந்தக்காரர்கள் எங்கள் முன்னால் அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். எங்கள் மனம் நோகக் கூடாதாம். முன்பின் தெரியாத ஒருவன் போனில் என் மகள் பெயரைச் சொல்லி, இருக்கிறதா, பறக்கிறதா என்று கேட்டால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியாது.

"சரி, ஒண்ணாவே இருக்கட்டும். இப்ப என்ன செய்யணும்?" என்றேன்.

"ஒரு பூச்சிக்கு ஒரு பேருதான் நிக்கணும். இன்னொண்ணை எடுத்துரணும்."

"எதை?"

"எப்பவும் முந்தி வச்ச பேருதான் நிக்கும். ஆனா இது ரெண்டும் ஒரே கட்டுரையில, ஒரே நாள்ல வந்தது. அதனால, ரெண்டும் ஒண்ணுன்னு யாரு முதல்ல எழுதுறாங்களோ, அவங்க எந்தப் பேரைத் தேர்ந்தெடுக்குறாங்களோ அதுதான். அதுக்கப்புறம் உலகத்துல எல்லாரும் அதையேதான் சொல்லணும்."

"யாரு எழுதப் போறா?"

"நாந்தான். வேற யாருக்குத் தெரியும்?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்புறம் என்ன? நம்ம பிள்ளை பேரை வச்சுக்கிட்டு அதை எடுத்துரு. இதுக்கா இப்படிக் கூப்பிட்ட?"

அவள் டப்பாவுக்குள் வாடிக் கிடந்த மிளகு இலைகளைப் பொறுக்கினாள். அந்த இலைகளை வாராவாரம் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவது செபாஸ்தியம்மாள்தான். கீழே திண்டுக்கல் வெயிலில் மிளகுக்கொடிக்கு எங்கே போவது? சாக்கை நனைத்து இலையைச் சுற்றிக் கட்டி, வாடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கண்டக்டரிடம் ஆயிரம் முறை சொல்லி அனுப்பும்.

"அந்தம்மா பூச்சி படத்தைப் பெரிசாப் போட்டு வீட்டுல மாட்டியிருக்கு," என்றாள் அம்பிகா.

தெரியும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டுக் கொடுத்ததே நான்தான். ஊர்ப் பாதர் பூசை முடிந்ததும் இந்தப் பெயர் விஷயத்தைக் கோயிலில் அறிவித்தார் என்று ரொனால்டு சொன்னான். மலை வாழையும் மிளகும் தவிர வேறு ஒன்றுக்கும் யாரும் தன்னைக் கேட்டு வந்ததில்லை என்று அந்தம்மா சிரித்ததாம்.

"அப்படின்னா எழுதவே எழுதாதே," என்றேன். "ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டும். யாரு கேக்கப் போறா?"

"நாளைக்கு வேற யாராவது வளத்துப் பாப்பாங்க. அவங்க எழுதிருவாங்க."

"எழுதட்டும். அதுவரைக்குமாவது இருக்கும்ல?"

"பொய்யின்னு தெரிஞ்சே இருக்கணுமா?"

"பேரு அழிஞ்சா போயிரும்? எடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"அழியாது. நிக்கிற பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, செல்லாத பேருன்னு போட்டிருப்பாங்க. எப்பவும் இருக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "செல்லாத பேரா? எம் பிள்ளை பேரு என்ன செல்லாத நோட்டா? அம்புட்டுப் படிச்சவங்க கூடி இதைத்தான் விதின்னு எழுதி வச்சிருக்கீகளா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானே கொஞ்சம் இறங்கி, "வேற புதுப் பூச்சி கிடைக்காமலா போகும்? அதுக்கு இவ பேரை வச்சிரலாம்" என்றேன்.

"அதே பேரினத்துல, அதான் முன்பேரு ஒண்ணா இருக்குற பூச்சிகள்ல, இன்னொரு தடவை வைக்க முடியாது. வேற பேரினமா இருந்தா வைக்கலாம்." அவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "பிறந்தப்ப ஒரு தடவை வச்சோம். அப்புறம் பூச்சிக்கு ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை வைக்க என்னால ஆகாதுங்க."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பூச்சி ஜோடிகளைப் படம் எடுத்துத் தரச் சொன்னாள். கேமரா ரிப்பேர் என்றேன். மறுநாளும் ரிப்பேர், அதற்கு மறுநாளும் ரிப்பேர். ஸ்டூடியோவில் அதே கேமராவில் ஒரு கல்யாண ஜோடியை எடுத்துக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். பிறகு தன் போனிலேயே எடுத்துப் பார்த்தாள். படம் ஆடி, பூச்சி எது நிழல் எது என்று தெரியவில்லை. சாப்பாட்டிலும் அது தெரிந்தது. ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுவாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றும் இல்லையா என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

அவளும் எழுதி முடிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். மாலையில் லேப்டாப்பைத் திறப்பாள், கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள், மூடிவிடுவாள். இவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டது. கோயம்புத்தூரில் வேலையாக இருக்கும் ரொனால்டுக்கு ஸ்டூடியோவிலிருந்து போன் போட்டேன்.

"ரொனால்டு, நாந்தாப்பா, தண்டாயுதபாணி."

"சொல்லுங்க சார். மேடம் நல்லா இருக்காங்களா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணா சார்?"

"ஒரே முட்டைக் கூட்டத்துலேர்ந்து வந்திருக்குப்பா. நான் கண்ணால பாத்தேன்." பிறகு, ஒரு தகப்பன் எப்படியெல்லாம் கேட்கக் கூடாதோ அப்படியெல்லாம் கேட்டேன். "உனக்கே தெரியும். எங்களுக்கு இருந்தது அவ ஒருத்தி. மேடம் உங்கிட்டக் கேக்க மாட்டா. அதான் நான் கேக்குறேன்."

"நீங்க இப்படிப் பேசாதீங்க சார். நிறைமதியையே வச்சிருங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

'அம்மாகிட்ட' என்னும்போது அவன் குரல் இறங்கியது. எனக்கு அது காதில் விழுந்தது. விழாத மாதிரி, "நல்லா இருப்பப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு காதுகுத்து ஆல்பத்துக்கு வந்தவர்களிடம் பேசிச் சிரித்தேன். அம்பிகாவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ரொனால்டே அவளிடம் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேசியது ரொனால்டு இல்லை. சனிக்கிழமை காலை வாசலில் செபாஸ்தியம்மாள் நின்றது. வழக்கமாக இலைக்கட்டு மட்டும்தான் பஸ்ஸில் வரும். அன்று இலைக்கட்டோடு ஆளும் வந்திருந்தது. மலை ரோட்டில் பஸ் வளைந்து வளைந்து வந்ததில் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றியது.

"வாங்கம்மா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே," என்று அம்பிகா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருக்கட்டும் டீச்சரம்மா. ரொனால்டு போன் போட்டான். பூச்சியிலேர்ந்து எம் பேரை எடுக்கணுமாம்ல? தாராளமா எடுத்துக்கங்க. போன்ல சொன்னா, மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டுச் சொல்றேன்னு நெனப்பீங்க. அதான் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அம்பிகா என் பக்கம் திரும்பினாள். நான் இலைக்கட்டை வாங்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள். "எனக்குத் தெரியாம அவன்கிட்டப் போய்க் கேட்டீங்களா?"

"தம்பியை ஏசாதீங்க," என்றது செபாஸ்தியம்மாள். "நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன். எம் பேரு எங்க போயிரப் போகுது? ரேஷன் கார்டுல இருக்கு, ஓட்டு லிஸ்ட்டுல இருக்கு, கோயில் புத்தகத்துல இருக்கு. பாப்பாவுக்கு இது ஒண்ணுதான இருக்கு. அவளுக்கே இருக்கட்டும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதுவும் அந்தத் தாய் வாயாலேயே. அவ்வளவுதான், இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"இருங்கம்மா," என்றாள் அம்பிகா. "நீங்க குடுக்குறதுக்கு முந்தி உங்களுக்கு ஒண்ணு தெரியணும். நிறைமதிக்குன்னு தனியா ஒரு பூச்சி எப்பவுமே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"உங்க பூச்சியைப் பத்தி ரொனால்டும் நானும் எழுதி முடிச்சு வச்சிருந்தோம். அப்பத்தான் பாப்பா போனா. அதுக்கப்புறம் நான் பூச்சிகளைக் குத்தி வச்சிருந்த பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே கிடந்தேன். அந்தப் பழுப்பும் உங்க வீட்டு விளக்குக்குத்தான் வந்துச்சு. அதே இடம், அதே மாசம். வெள்ளையில ஒரு ஆம்பளைகூட இல்ல, பழுப்புல ஒரு பொம்பளைகூட இல்ல. ரெண்டும் புருஷன் பொண்டாட்டியா இருக்குமோன்னு முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தோணும். கட்டுரையைச் சரிபாத்தவரும் கேட்டு எழுதியிருந்தாரு. நான் ரெண்டுக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் பக்கம் பக்கமா எழுதிப் பதில் அனுப்பினேன். அவளுக்கு ஒண்ணு வேணும்னு இருந்துச்சும்மா எனக்கு. அதனால ரெண்டாத் தெரிஞ்சுச்சு."

அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் அந்தப் பழுப்புகளை எல்லாம் படம் எடுத்தவன். அத்தனைக்கும் சீப்புக் கொம்பு, அத்தனையும் ஆண் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெயர் கிடைத்த சந்தோஷத்தில் நான் எதைத்தான் கேட்டேன்?

செபாஸ்தியம்மாள் இலைக்கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தது. பிறகு, "அதனால என்ன? பெத்த வயிறு" என்றது. "இப்பவும் அதேதான் சொல்றேன். அவளுக்கே வைங்க."

அம்பிகா எழுந்து போய் லேப்டாப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் எழுதியிருந்தது. முட்டை, புழு, கூடு, ஆண், பெண் என்று வரிசையாக விவரம். தலைப்பில் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலி.

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றது என் வேலை. சொல்லிட்டேன்," என்றாள். "எந்தப் பேரு நிக்கணும்னு பூச்சி சொல்லாது. தினமும் திறந்து திறந்து பாத்து மூடிட்டேன், என்னால எழுத முடியலைங்க. முதல் கட்டுரையிலேர்ந்து படம் பூரா நீங்க எடுத்தது. இதுல என் பேருகூட உங்க பேரையும் சேத்திருக்கேன். நீங்க சொல்லுங்க. எதைச் சொல்றீங்களோ அதைப் போட்டு இப்பவே அனுப்பிடறேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரொனால்டு சரி என்றுவிட்டான். அவன் அம்மா பஸ் ஏறி வந்து சரி என்றுவிட்டது. அம்பிகா விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒரு பட்டுப்பாவாடை ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்டூடியோவில் குழந்தைகளுக்குப் போட்டுப் படம் எடுக்கக் கிருஷ்ணர் கிரீடமும் பட்டுப்பாவாடையும் வைத்திருப்பேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆசை ஆசையாகப் போட்டுக்கொள்ளும். நிறைமதியை அவள் பிறந்த நாளுக்குப் படம் எடுக்க அழைத்துப் போனபோது, அந்தப் பாவாடையைக் கிட்டே கொண்டுபோனாலே உதைத்தாள். "அது எனக்கு வாங்குனது இல்லப்பா" என்று அப்படி ஓர் அழுகை. என்ன மிட்டாய் காட்டியும் மசியவில்லை. கடைசியில் தன் சாயம்போன கவுனிலேயே நின்றாள். அந்தப் படத்தில் இன்னும் கன்னத்தில் ஈரம் தெரியும். இத்தனை நாளும் பிள்ளையின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து, நான் இன்னொரு வீட்டுப் பாவாடையை அவளுக்கு இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"செபாஸ்தியக்கா பேரு," என்றேன். "அதுதான் முதல்ல கிடைச்சது. அதையே போடு."

"தம்பி, வேண்டாம்யா," என்று அது எழுந்து வந்து என் தோளைப் பிடித்தது. "நான் மனசாரத்தான் சொல்றேன்."

"எங்க பிள்ளை செத்துப்போச்சுக்கா," என்றேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். "பூச்சி உங்களுது. அவளுக்கு அடுத்தவங்களுது எதுவும் பிடிக்காது."

அம்பிகா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மளமளவென்று தட்டினாள். மேலே செபாஸ்தியம்மாளின் பெயர் வந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், நிறைமதியின் பெயர். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவள் படங்களுக்கு மட்டும் இடம் விட்டுவைத்தாள். எழுந்து போய் கேமராவை எடுத்து வந்தேன். ரிப்பேர் என்று சொன்ன கேமராதான். மருந்து போட்டு, சிறகு விரித்துக் குத்தி வைத்திருந்த ஜோடியை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தேன். படம் நன்றாக வந்தது. அவள் அதையும் சேர்த்து அனுப்பினாள்.

செபாஸ்தியம்மாளுக்குச் சாப்பாடு போட்டாள். அன்று பொரியல், கூட்டு எல்லாம் இருந்தது. சாப்பிட்டதும் அந்தம்மாவை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். சிறுமலை பஸ் வருவதற்குச் சற்று நேரம் இருந்தது. அது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பஸ் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "அடுத்த வாரம் இலை அனுப்பணுமா?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

திரும்பி வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. மறைத்து என்ன, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அம்பிகா பொய்யை வைத்துக்கொண்டு இருக்க மாட்டாள். அவள் விரும்பியதைத்தான் நான் செய்திருக்கிறேன். இனி பழையபடி பேசுவாள் என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினேன்.

அவள் பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் வந்ததைப் பார்த்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் செஞ்சது சரிதான?" என்று கேட்டேன்.

"சரிதாங்க. ரொம்பச் சரி."

"பின்ன ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"என்கிட்ட விட்டா நான் சரியானதைத்தான் எழுதுவேன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்க அவளை விடமாட்டீங்கன்னு நெனச்சேங்க. அந்தத் தைரியத்துலதான் உங்க கையில குடுத்தேன்."